மூன்று பகல் சோறும் ஒரு கழுதையும்

நான் விழவில்லை என்றுதான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தேன். வழுக்கியது, தடுக்கியது, குந்தியது, இருந்தது என்று தமிழில் இத்தனை சொல் இருக்க, ஒரு மனுஷன் எதற்காக விழுந்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்? அதிலும் நான் நில அளவைக் கந்தோரில் நாற்பது வருஷம் வேலை செய்தவன். இலுப்பைக்கடவைப் பக்கம் மாரி காலத்தில் முழங்கால் சேற்றில் நின்று எல்லைக்கல் நட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் நிலம் நான் சொன்ன இடத்தில் கிடந்தது. எழுபத்தாறு வயதில்தான் அது என்னை நோக்கி எழும்பி வரத் தொடங்கியது.

முதல் தடவை பள்ளிவாசலில். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்னம், ஒளுச் செய்யும் இடத்தில், ஒரு காலைக் கழுவிவிட்டு மற்றக் காலைத் தூக்கினேன். அடுத்ததாக நான் பார்த்தது கூரைத் தகரம். என்னைச் சுற்றி ஐம்பது பேர் நின்று ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். இரண்டாம் தடவை என் அறையில், அலுமாரிக்கு மேலிருந்த விசுக்கோத்து டின்னை எட்டி எடுக்கும்போது. டின் முதலில் விழுந்தது, பின்னால் நான் போனேன். சத்தம் கேட்டு மூத்த மகள் ஓடிவந்தாள்.

"வாப்பா! விழுந்திட்டீங்களோ?"

"இல்ல. விசுக்கோத்துப் பொறுக்கிறன்."

அவள் நம்பவில்லை. எனக்கு மூன்று மகள்மார். எங்கள் ஊர் வழக்கப்படி பெண் பிள்ளைக்குக் கலியாணம் செய்யும்போது வீடு கொடுத்துத்தான் செய்வோம். ஆகவே என் வளவில் வரிசையாக மூன்று வீடுகள். மூத்தவளுடைய வீட்டின் கோடியில் எனக்கு ஓர் அறை. மனைவி மௌத்தாகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. வீடுகள் எல்லாம் பிள்ளைகளுடையவை, நான் மட்டும்தான் என்னுடையவன் என்று பகிடியாகச் சொல்வேன். அன்று பின்னேரம் மூன்று பேரும் கூடியிருந்து அதையும் இல்லாமல் ஆக்கினார்கள்.

தீர்ப்பு இதுதான். இன்னொரு தரம் விழுந்தால் நான் தனியாகக் கேற்றைத் தாண்டக் கூடாது. கட்டிலை மூத்தவளின் விறாந்தைக்கு மாற்றுவார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் மருமகன் முச்சக்கர வண்டியில் பள்ளிக்குக் கொண்டுபோய், கடைசி வரிசையில் கதிரை போட்டு இருத்தி, தொழுகை முடிந்ததும் ஏற்றிக்கொண்டு வருவார்.

இதை வாசிப்பவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாமல் இருக்கலாம். என் வீட்டிலிருந்து பள்ளிக்கு நானூற்றுப் பதினெட்டு அடி. எத்தனையோ தரம் அளந்திருக்கிறேன். ஊரைவிட்டு விரட்டப்பட்டுப் புத்தளத்தில் அகதியாக இருந்த இருபது வருஷமும் கண்ணை மூடினால் அந்த ஒழுங்கைதான் வரும். திரும்பி வந்த நாளிலிருந்து ஐந்து வேளையும் என் காலால் அதில் நடந்துபோய் முதல் வரிசையில் நிற்கிறேன். மனைவி போன பிறகு எனக்கென்று மிச்சமிருந்தது அந்த நடை ஒன்றுதான். அதையும் எடுத்துவிட்டால் நான் விறாந்தையில் கிடக்கும் ஒரு தளபாடம்.

ஆகவே இனி விழுவதில்லை என்று முடிவெடுத்தேன். விழுந்தாலும் யாருக்கும் சொல்வதில்லை.

மூத்த மருமகனுக்குச் சந்தையடியில் இரும்புக்கடை. தங்கமான மனிதர். ஆனால் உலகத்தில் எந்தக் கஷ்டத்தையும் நாலு ஆணியும் ஒரு குழாயும் கொண்டு தீர்க்கலாம் என்று நம்புகிறவர். தீர்ப்பு வந்த மறுநாளே வேலைக்காரருடன் வந்து இறங்கினார். கக்கூசில் பிடி, கதவருகில் பிடி, கட்டிலுக்குப் பக்கத்தில் பிடி, அலுமாரிக்கு இரண்டு பிடி. நிலத்தில் வழுக்காத கறுப்பு நாடா. மூன்றே நாளில் என் அறை கொழும்பு பஸ் போல ஆகிவிட்டது. காலையில் எழும்பினால் ஒரு கம்பியிலிருந்து மறு கம்பிக்குத் தாவித் தாவிப் போக வேண்டியிருந்தது. இவ்வளவும் செய்துவிட்டு அவர் நிலத்தைத் தடவிப் பார்த்துச் சொன்னார்: "இனி விழ ஏலாது மாமா. விழ விரும்பினாலும் ஏலாது."

ஆனால் பிழை நிலத்தில் இல்லை. அது எனக்காவது தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் என் இடுப்புப் பெல்ட்டில் கம்பனிக்காரன் போட்ட துவாரங்கள் முடிந்து, நானே ஆணியைச் சூடாக்கி இன்னும் மூன்று துவாரம் போட்டிருந்தேன்.

நான் சாப்பிடவில்லை. சாப்பாடு இல்லாமல் அல்ல, அதுதான் வெட்கக்கேடு. மனைவி போன பிறகு மகள்மார் முறை வைத்துக்கொண்டார்கள்: ஒரு கிழமைக்கு ஒருத்தி எனக்குப் பகல் சோறு தர வேண்டும். ஆனால் ஒவ்வொருத்திக்கும் மற்ற இருவருடைய சமையலிலும் நம்பிக்கை இல்லை. முதல் மாதமே நடுவிலாள் என் பின்கதவால் ஒரு சோற்றுப் பீங்கானைக் கொண்டுவந்தாள், முந்தானையால் மூடி.

"தாத்தா உப்பில்லாமல் சமைக்கிறவ. நீங்க இதைச் சாப்பிடுங்கோ வாப்பா. அவவுக்குச் சொல்லிப் போடாதீங்கோ."

தாத்தா என்றது தன் அக்காவை, என் மூத்த மகளை. இரண்டு நாள் கழித்து இளையவள் வந்தாள். அவளும் சொல்லாதீங்கோ என்றாள். மூத்தவளுக்கு முறையில்லாத கிழமையிலும் மனம் கேட்காது. இப்படியாக ஒவ்வொரு நாளும் பன்னிரண்டே காலுக்கு ஒரு பீங்கான், ஒரு மணிக்கு ஒன்று, ஒன்றே முக்காலுக்கு ஒன்று. மன்னார்த் தீவிலே மூன்று பகல் சோறு கிடைத்த ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன். அதில் ஒன்றையாவது என்னால் தின்ன முடியவில்லை.

சோறு கெட்டுப்போய்விட்டது. அப்படித்தான் நான் நினைத்தேன். மனைவி இருக்கும்வரை சோறு ஒழுங்காக இருந்தது, வாயில் வைத்தால் இறங்கியது. அவள் போனதும் நாட்டில் அரிசி கல்லாகிவிட்டது. மீனுக்கும் முள்ளுக் கூடிவிட்டது. கீரிமீன் ஆணத்தில், அதாவது குழம்பில், முள்ளைத் தவிர வேறொன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. இறைச்சியைப் பற்றிப் பேசவே வேண்டாம். கட்டுப்பல் வேறு தளர்ந்து, சப்பினால் நான் ஒரு பக்கமும் பல் ஒரு பக்கமும் போனோம். புத்தளத்தில் கட்டிய பல் அது. முகம் வற்ற வற்ற அதுவும் ஆடியது. இதை மகளிடம் சொல்வதா? பல் ஆடுகிறது, சோற்றை இறக்க ஏலவில்லை என்று மூன்று பெண் பிள்ளைகளுக்கு முன்னால் சொல்ல எனக்கு நா எழவில்லை. தேத்தண்ணீரில் விசுக்கோத்தைத் தோய்த்தால் சத்தமில்லாமல் கரைந்து போகும். காலையில் நாலு, பகல் ஆறு, இரவு நாலு. சீவியம் போய்க்கொண்டிருந்தது.

ஆனால் பீங்கான் வெறுமையாகத் திரும்ப வேண்டும். சோற்றைக் கொட்டினால் பாவம். இந்த இடத்தில்தான் கழுதை வருகிறது.

எங்கள் ஊரில் கழுதைகள் யாருக்கும் சொந்தமில்லாமல் திரியும், வீதியின் நடுவில் படுக்கும், கடதாசிப் பெட்டியைத் தின்னும். என் அறை யன்னல் பின் ஒழுங்கையைப் பார்த்தது. ஒரு நாள் யன்னலுக்கு வெளியே ஒன்று நின்று என்னையும் பீங்கானையும் மாறி மாறிப் பார்த்தது. அல்லாஹ்வின் படைப்பு, அதுவும் ஒரு வயிறுதானே என்று ஒரு பழைய பேசினில் சோற்றைப் போட்டு வெளியே வைத்தேன். மீனைப் பூனைக்குப் போட்டேன். அன்றிலிருந்து பதினொன்றரைக்கே கழுதை வந்து நிற்கும். மூன்று பீங்கான் சோறும் அதற்குத்தான். மூன்று மாதத்தில் அது உருண்டு திரண்டு மினுங்கியது. மகள்மாருக்கும் சந்தோஷம். ஒவ்வொருத்தியும் வெறும் பீங்கானைப் பார்த்து, தன் கைச்சமையலை நினைத்துச் சிரித்துக்கொண்டு போனாள்.

நான் மூன்றாந்தரம் விழுந்ததும் அந்தக் கழுதையால்தான். அசர் தொழுகைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அது அன்பு மிகுதியால் பின்னாலேயே வந்து முதுகில் ஒரு முட்டு முட்டியது. நல்லகாலம், மணல் ஒழுங்கை. குப்புறக் கிடந்தேன், தலை வடகிழக்கே, கால் தென்மேற்கே. ஒழுங்கையில் ஒரு சனம் இல்லை. கையை ஊன்றினேன், எழும்ப முடியவில்லை. தொடை இரண்டும் என் சொல் கேட்கவில்லை. கடைசியில் கழுதையின் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் எழும்பினேன். அது அசையாமல் நின்று தந்தது. மாதக்கணக்காக நான் தின்ன வேண்டிய சோற்றின் பலம் முழுவதும் அதனிடம்தானே இருந்தது! மணலைத் தட்டிவிட்டு ஜமாஅத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

நாலாம் தரம் இன்னும் மோசம். காலை பத்து மணிக்கு அறையில், இத்தனை கம்பிக்கும் நடுவே, ஒரு கம்பியை விட்டு மற்றதைப் பிடிக்கும் இடைவெளியில் விழுந்தேன். முழங்காலும் நெற்றியும் நிலத்தில். அப்படியே இறுகிப்போனேன். கதவு திறந்தது. இளையவள். நான் தொழுகையில் சுஜூதில் இருப்பதாக நினைத்துவிட்டாள். சத்தம் போடாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். நான் அரை மணித்தியாலம் அப்படிக் கிடந்து, கட்டில் காலைப் பிடித்து ஏறினேன். அல்லாஹ் மன்னிக்க வேண்டும், அந்த நேரம் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. மகள் என்னைப் பக்திமான் என்று நினைத்தால் நினைக்கட்டுமே.

பின்னேரம் மூத்தவள் வந்து கட்டிலில் இருந்து என் கையைப் பிடித்தாள். கண் கலங்கியிருந்தது.

"வாப்பா, கிப்லா எந்தப் பக்கம்?"

"தொழுற திசையை என்னட்டையே கேட்கிறியா? மேற்கே, கொஞ்சம் வடக்குச் சாய்வு. பாகை சொல்லவா?"

"காலையில நீங்க கிழக்கே பார்த்துச் சுஜூது செய்ததெண்டு தங்கச்சி சொல்றா."

நாற்பது வருஷம் திசைகாட்டி பிடித்தவனுக்குத் திசை தடுமாறிவிட்டது என்று வளவு முழுக்கக் கதை பரவிவிட்டது. நான் என்ன சொல்ல? தொழவில்லை, விழுந்து கிடந்தேன் என்றால் விறாந்தைக் கட்டில். தொழுதேன் என்றால் மூளைக் கோளாறு. மூளைக் கோளாறே பரவாயில்லை என்று பேசாமல் இருந்தேன்.

மறுநாள் என்னை ஆசுபத்திரி முதியோர் கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். மூன்று மகள்மாரும் வந்தார்கள். பாப்பாமோட்டைப் பக்கத்துப் பிள்ளை ஒன்று தாதியாக இருந்தது. வயல்காரக் குடும்பம், கை வேகமாக வேலை செய்தது, வாய் அதைவிட வேகம். நிறை பார்த்தது. தராசையும் என்னையும் பார்த்தது. பிறகு ஒரு கதிரையில் இருத்தி, "ஐயா, கையை நெஞ்சோட கட்டிக்கொண்டு எழும்புங்கோ பாப்பம்" என்றது. நான் எழும்பினேன். அதாவது, எழும்புவதாக நினைத்தேன். முதுகு முன்னால் போனது, நான் கதிரையிலேயே இருந்தேன். மூன்று தரம் முயன்றேன். மகள்மார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு அவமானத்தை நான் ஜும்ஆக் கூட்டத்துக்கு நடுவே மல்லாந்து கிடந்தபோதும் படவில்லை.

தாதிப் பிள்ளை பேனையை எடுத்தது.

"நேற்று மத்தியானம் ஐயா என்ன சாப்பிட்டவர்?"

"சோறும் விளைமீன் ஆணமும்" என்றாள் மூத்தவள். "மிச்சம் விடாமல் சாப்பிட்டவர்."

"இல்லத் தாத்தா" என்றாள் நடுவிலாள். "கணவாய்ப் பொரியல். நான்தான் குடுத்தனான்."

இளையவள் இருவரையும் பார்த்தாள். "என்ன சொல்றீங்க? மாட்டிறைச்சியும் பருப்பும். பீங்கானைக் கழுவின மாதிரித் தந்தவர்."

அங்கேயே ஒருத்தியை ஒருத்தி முறைத்துக்கொண்டார்கள். முறையை மீறினது யார் என்று பெரிய வாக்குவாதம். தாதி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு டொக்டரிடம் போனது. டொக்டர் வந்தார். ஒரு நாளைக்கு மூன்று பகல் சோறு தின்றும் ஒருவர் இப்படி மெலிந்தால் உள்ளே ஏதோ பெரிய வருத்தம் இருக்க வேண்டும் என்றார். திசை வேறு மாறுகிறது. கொழும்புக்குக் கொண்டுபோய் தலை, வயிறு, எல்லாவற்றையும் படமெடுத்துப் பார்க்க வேண்டும், கடிதம் தருகிறேன், இன்றைக்கே ஆயத்தப்படுத்துங்கோ என்றார்.

சண்டை நின்றது. மூன்று பேரும் அழத் தொடங்கினார்கள். ஒன்றரை வருஷத்துக்கு முன்னம் இதே போன்ற ஒரு கடிதத்துடன்தான் அவர்களுடைய உம்மாவைக் கொழும்புக்குக் கொண்டுபோனோம். திரும்பக் கொண்டுவந்தது ஜனாஸாவைத்தான். இளையவள் என் தோளில் முகத்தை வைத்து, "இவ்வளவு சாப்பிட்டும் நிக்குதில்லையே வாப்பா, நான் என்ன செய்ய?" என்று குலுங்கினாள். ஒரு நடையைக் காப்பாற்றப் போய் இந்தப் பிள்ளைகளை என்ன பாடுபடுத்திவிட்டேன்!

"கழுதை" என்றேன்.

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மூளைக் கோளாறு முற்றிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

"கழுதைதான் சாப்பிட்டது. விளைமீன் ஆணம், பருப்பு, எல்லாச் சோறும். மீனும் இறைச்சியும் பூனைக்குப் போனது. நான் விசுக்கோத்துத்தான் தின்னுறன். பல் ஆடுது. சப்ப ஏலாது. நாலு தரம் விழுந்திட்டன். நேற்றுக் காலையில நான் தொழல்ல, விழுந்து கிடந்தனான். கிப்லா வடக்குச் சாய்ந்த மேற்குத்தான். எனக்கு நல்லாத் தெரியும்."

டொக்டர் கடிதத்தை மெதுவாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். தாதிப் பிள்ளை வாயை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பியது, தோள் குலுங்கியது. பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு என் முன்னால் குந்தியிருந்தது.

"ஐயா, நிலத்தில ஒரு பிழையும் இல்லை. உங்கட தொடையில சதை இல்லை. மீன், முட்டை, பருப்பு ஒண்டும் போகாட்டி உடம்பு தன்ர சதையைத்தான் எடுத்துத் தின்னும். வயசு போன நேரத்தில அது கெதியா நடக்கும். சதை போனால் கால் தடுக்கினாலும் தாங்கிப் பிடிக்க ஆளில்லை. வீடு முழுக்கக் கம்பி பூட்டி என்ன செய்யிறது? முதலில உங்களுக்குள்ள ஒரு கம்பியைப் பூட்டுங்கோ."

பல்லுக்கு ஒரு துண்டுச் சீட்டும், இரத்தம் சோதிக்க ஒரு துண்டும் எழுதித் தந்தார்கள். நான் அன்று பள்ளிக்குப் போகவில்லை. போகட்டுமா என்று கேட்க முகமில்லை. கட்டிலை எப்போது மாற்றுவார்கள் என்று காத்துக்கொண்டு அறையில் இருந்தேன்.

அடுத்த நாள் பன்னிரண்டு மணிக்கு ஒரே ஒரு பீங்கான் வந்தது. மூத்தவள் கொண்டுவந்தாள், மற்ற இருவரும் பின்னால் வந்து கதவில் நின்றார்கள். சோறு குழைந்திருந்தது. மீனில் முள் எடுத்து, உதிர்த்து, ஆணத்தோடு பிசைந்திருந்தது. மேலே அவித்த முட்டை ஒன்று, மசித்து. ஒரு கவளம் வைத்தேன். இறங்கியது. இன்னொன்று வைத்தேன். மனைவியின் சோறு அது, அதே சோறு.

"இது ஆர் சொல்லித் தந்தது?"

"உம்மாதான்" என்றாள் மூத்தவள். "பத்து வருஷமா உங்கட சோற்றைத் தனியா அவிச்சவ. குசினிக்குள்ளயே முள் எடுத்துப் பிசைஞ்சு, மேல கொஞ்சம் பிசையாத சோத்தைத் தூவித்தான் மேசைக்குக் கொண்டுவருவா. கொழும்புக்குப் போறத்துக்கு முதல் எனக்குச் சொல்லித் தந்தவ. வாப்பாவுக்குத் தெரியப்படாது, வெட்கப்படுவார் எண்டும் சொன்னவ."

"அப்ப ஏன் நீ அப்படித் தரல்ல?"

அவள் தங்கைகளைப் பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்தாள்.

"தந்தனான் வாப்பா. உம்மாவ அடக்கின மூன்றாம் நாள். உம்மா மாதிரி மேல தூவ எனக்குச் சரிவரல்ல. நீங்க பீங்கானைத் தள்ளிப்போட்டு, நான் என்ன பால்குடிப் பிள்ளையோ, இதை ஆர் தின்னுற எண்டு கத்தினீங்க. அதுக்குப் பிறகு எங்கள் மூண்டு பேருக்கும் பயம்."

எனக்கு அது நினைவே இல்லை. அந்த நாட்களில் நான் யாரிடம்தான் கத்தவில்லை! பீங்கானைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணீர் சோற்றில் விழுந்தது, துடைக்கவும் தோன்றவில்லை. பத்து வருஷம் ஒருத்தி என் பல்லின் குறையை எனக்கே தெரியாமல் மறைத்து வைத்திருக்கிறாள். நான் அரிசி ஆலைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பள்ளியில் ளுஹருக்குப் பாங்கு சொன்னார்கள். மூத்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். சுவரோரம் கிடந்த என் செருப்பை எடுத்துத் தட்டி, கதவடியில் நேராக வைத்தாள்.

"கட்டிலை மாத்தல்ல வாப்பா. நான் கேற்று வரைக்கும் வாறன். மெதுவாப் போயிட்டு வாங்கோ."

"கொஞ்சம் பொறு மகள்" என்றேன். "இன்னும் ரெண்டு அகப்பை சோறு போடு."